அடுத்தவங்க எஸ்விஎன் ரெப்போவ தினமும் கிட்டுக்கு மாத்துற ஸ்கிரிப்ட்: மறுபடி முதல்ல இருந்து ஓட்டுனா ஹாஷ் எல்லாம் வேற வருது

சுக்குக்காபி:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க டீம்ல ஒரு பழைய சி++ ப்ராஜெக்ட், எஸ்விஎன்ல (கோடோட மாற்ற வரலாற வச்சுக்குற பழைய டூல்) கெடந்துச்சு. அத கிட்டுக்கு (அதே வேலை பண்ற வேற டூல்) மாத்தியாச்சு, அதுல ஒரு பிரச்சனையும் இல்ல, நம்ம சர்வர் நம்ம ரெப்போ, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரும் கமிட் (மாற்றத்த பதிவு பண்றது) போடாதீங்கன்னு சொல்லிட்டு ஓட்டி விட்டோம், திங்கக்கிழமை எல்லாரும் புதுசுல உக்காந்துட்டாங்க. தலவலி எங்கன்னா அந்த ப்ராஜெக்ட் வெளியாளுங்க லைப்ரரி 11 யூஸ் பண்ணுது. அதுல 7 எஸ்விஎன், எக்ஸ்டர்னல்ஸ் ப்ராப்பர்ட்டி வழியா இழுத்துட்டு இருந்தோம். 3 மெர்க்குரியல், 1 சிவிஎஸ் (ரெண்டும் இதே மாதிரி வேற டூல்), இந்த நாலையும் யாரோ ஒரு காலத்துல காப்பி அடிச்சு ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சிருக்காங்க. ஆமா சிவிஎஸ் தான், சிரிக்காதீங்க.

சரி எல்லாத்தையும் கிட்டா மாத்தி உள்ள நம்ம சர்வர்ல வச்சுட்டு சப்மாட்யூலா (ரெப்போவுக்குள்ள இன்னொரு ரெப்போவ ஒரு குறிப்பிட்ட கமிட்ல கட்டி வைக்கிறது) சேத்துக்கலாம்னு ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதுனேன். ராத்திரி 2 மணிக்கு க்ரான்ல (குறிச்ச நேரத்துக்கு தானா ஓட்டி விடுறது) ஓடும், ஒவ்வொரு எஸ்விஎன்னுக்கும் கிட்-எஸ்விஎன் (எஸ்விஎன்ன கிட்டா மாத்துற டூல்) ஃபெட்ச் பண்ணும், உள் சர்வருக்கு புஷ் பண்ணும். ரெண்டு வாரம் சூப்பரா ஓடுச்சு. அப்புறம் அந்த மெஷின்ல டிஸ்க் ரொம்பிடுச்சு, நானும் "எல்லாம் மறுபடி உருவாக்கிக்கலாமே, அதுக்குத்தானே ஸ்கிரிப்ட்"னு வொர்க்கிங் ஃபோல்டர் மொத்தத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து ஓட விட்டேன். புஷ் ரிஜெக்ட் ஆச்சு. ராத்திரி பதினோரு மணி, தூக்கம், ஃபோர்ஸ் போட்டு சர்வர்ல இருந்தது மேலயே எழுதிட்டேன்.

காலைல வந்து பாத்தா பில்டு எல்லாம் செவப்பு. சப்மாட்யூல் கேக்குற கமிட்டே இல்லங்குது. ஒரே எஸ்விஎன் ரெப்போ, ஒரே ரிவிஷன், ஆனா மொத கமிட்ல இருந்தே ஹாஷ் (கமிட்டோட அடையாள எண்) வேற. ஃபைல் எல்லாம் அச்சு அசல் அதேதான், டிஃப் பண்ணி பாத்துட்டேன்.

இது ஏன் இப்படி ஆகுது? பழைய ஹாஷ திரும்ப கொண்டு வர வழி இருக்கா? ரெண்டு வருஷத்து பேட்ச் குறிப்பெல்லாம் இனிமே இந்த ஹாஷ வச்சுத்தான் எழுதப் போறோம், இப்பவே இப்படி ஆடுச்சுன்னா பயமா இருக்கு.


பழையபெருச்சாளி:

தம்பி மொதல்ல ஃபோர்ஸ் போட்ட கைய கொஞ்சம் கட்டி வை. அப்புறம் பேசுவோம்.

பழைய கமிட் யாராவது ஒருத்தர் லேப்டாப்ல சப்மாட்யூல் ஃபோல்டருக்குள்ள இன்னும் கெடக்கும், போய் தேடு, கெடச்சா உடனே ஒரு காப்பி எடுத்து பத்திரமா வச்சுக்கோ. கிட் அவ்ளோ சீக்கிரம் தூக்கி எறியாது. ஆனா அது தப்பிக்கிற வழி, காரணம் வேற.

பழசுல மொத கமிட்டையும் புதுசுல மொத கமிட்டையும் கேட்-ஃபைல் போட்டு பக்கத்துல பக்கத்துல வை. கமிட்டுன்னா என்ன, ட்ரீ ஹாஷ், பேரண்ட், ஆத்தர், கமிட்டர், நேரம், மெசேஜ், அவ்ளோதான். இதுல ஒரு எழுத்து மாறுனா ஹாஷ் மாறும், அதுக்கு மேல வர்ற ஆயிரம் கமிட்டும் பேரண்ட் மாறுனதால வரிசையா மாறும். ஃபைல் ஒண்ணுதான்னு நீயே சொல்லிட்ட, அப்ப ட்ரீ மாறல. மொத கமிட்டுக்கு பேரண்ட்டும் கிடையாது. மிச்சம் நாலுல ஏதோ ஒண்ணுதான் திருடன். நான் சந்தேகப்படுறது மூணு: ஆத்தர்ஸ் ஃபைல் (எஸ்விஎன் யூசர்நேமுக்கு பேர், ஈமெயில் எழுதி வச்ச பட்டியல்), மெசேஜ் கடைசில ஒட்டுற கிட்-எஸ்விஎன்-ஐடி வரி, லோக்கல்டைம் ஆப்ஷன். அந்த ஆப்ஷன் போடலன்னா நேரம் யூடிசில தான் எழுதும், போட்டா மெஷினோட டைம்ஸோன் உள்ள வந்துடும், இந்த மெஷின்ல ஒண்ணு அந்த மெஷின்ல ஒண்ணுன்னு.

ரெண்டு கமிட்டையும் பாத்துட்டு வந்து சொல்லு.


சுக்குக்காபி:

அண்ணே, டெஸ்டிங் அக்கா லேப்டாப்ல பழசு இருந்துச்சு, காப்பி எடுத்துட்டேன், அவங்களுக்கு ஒரு பிரியாணி கடன்.

பக்கத்துல வச்சு பாத்தேன். ட்ரீ ஒண்ணு, நேரம் ஒண்ணு, ப்ளஸ் நாலு சைபர்தான் ரெண்டுலயும், ஆத்தர் கூட ஒண்ணு. கிட்-எஸ்விஎன்-ஐடி வரில பழசுல எச்டிடிபின்னு ஆரம்பிக்குது, புதுசுல எச்டிடிபிஎஸ்!! நடுவுல அந்த சைட்டுல பூட்டு போட்ட அட்ரஸுக்கு மாறிட்டாங்கன்னு நான்தான் ஸ்கிரிப்ட்ல யூஆர்எல்ல மாத்துனேன். ஒரே ஒரு எஸ் எழுத்து. நாலாயிரத்து சொச்சம் கமிட் போச்சு.

ஆனா இன்னொரு லைப்ரரில யூஆர்எல் மாறல, அதுவும் மாறியிருக்கு. அதுல மொத 339 கமிட் ஒண்ணாதான் இருக்கு, 340ல இருந்து வேற.


பழையபெருச்சாளி:

340வது கமிட் போட்ட ஆள் ஆத்தர்ஸ் ஃபைல்ல எப்ப வந்தாரு? அந்த ஃபைல்ல நடுவுல கை வச்சியா?


சுக்குக்காபி:

வச்சேன் 🙈 புது ஆள் கமிட் போட்டா "ஆத்தர் இன்னாருன்னு ஃபைல்ல இல்ல"ன்னு ஸ்கிரிப்ட் செத்துப் போகும், காலைல வந்து ஒரு வரி சேத்துட்டு மறுபடி ஓட்டுவேன். ஒரு நாள் சேக்கும்போது, பக்கத்துல ரெண்டு பேரோட ஈமெயில் சும்மா யூசர்நேமா இருந்துச்சு, தேடிக் கண்டுபுடிச்சு சரியான அட்ரஸ் போட்டு அழகுபடுத்துனேன்.


பழையபெருச்சாளி:

அந்த அழகுதான் வெனை.

உங்க சொந்த ரெப்போவ மாத்துறது கல்யாணம் மாதிரி, ஒரு தடவை, நாள் குறிச்சு, ஊர கூட்டி செஞ்சா முடிஞ்சுது. ஆத்தர் பேரெல்லாம் ஒழுங்கா போட்டு, தேவையில்லாத ஃபைல வெட்டி, மெசேஜ்ல இருக்குற குப்பைய கூட்டி என்ன வேணா பண்ணு. ஜிசிசி கம்பைலர் ஆளுங்க 2020 ஜனவரில எஸ்விஎன்ல இருந்து கிட்டுக்கு போனாங்களே, ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் ரிவிஷனுக்கு மேல, அதுக்கு எரிக் ரேமண்ட் தன்னோட ரெப்போசர்ஜன் டூல பைத்தான்ல இருந்து கோ மொழிக்கே மாத்தி எழுத வேண்டி வந்துச்சு. அவ்ளோ மெனக்கெடலாம், ஏன்னா ஒரே தடவை.

அடுத்தவன் ரெப்போ அப்படி இல்ல. அவன் நாளைக்கும் கமிட் போடுவான், நீ நாளைக்கும் மாத்தணும். அதனால இங்க அழகு முக்கியம் இல்ல, என்னிக்கு எந்த மெஷின்ல ஓட்டுனாலும் அதே ஹாஷ் வரணும், அது ஒண்ணுதான் கணக்கு. என் கருத்து, வெளி ரெப்போவுக்கு ஆத்தர்ஸ் ஃபைலே வேணாம். அது இல்லன்னா கிட்-எஸ்விஎன் யூசர்நேம் அட் ரெப்போவோட யூயூஐடின்னு (ரெப்போவோட தனி அடையாள நம்பர்) ஒரு ஈமெயில் தானா போட்டுக்கும், பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா என்னிக்கும் மாறாது, புது ஆள் வந்தா ஸ்கிரிப்டும் சாகாது. பேர் கண்டிப்பா வேணும்னா ஃபைலோட ஆத்தர்ஸ்-ப்ராக் ஆப்ஷனும் சேத்துக்கோ, ஃபைல்ல இல்லாத யூசர்நேம வாங்கி ஒரு வரி திருப்பித் தர்ற குட்டி ஸ்கிரிப்ட் அது. ஆனா ஒண்ணு, அது ஒருத்தருக்கு இன்னிக்கு ஒரு பதில் நாளைக்கு ஒரு பதில் சொல்லக்கூடாது, அதுக்கு ஒரு தடவை பதில் சொன்ன ஆள பின்னாடி ஃபைல்லயும் சேக்கக்கூடாது.

இப்ப உன் பழைய ஹாஷ். ஆத்தர்ஸ் ஃபைல கிட்ல வச்சிருந்தா அழகுபடுத்துறதுக்கு முந்தின வெர்ஷன எடு, அதுக்கப்புறம் வந்த புது ஆளுங்க வரிய மட்டும் அதுல ஒட்டு. யூஆர்எல் மாறுனதுக்கு ரீரைட்-ரூட்னு ஒரு செட்டிங் இருக்கு, நிஜத்துல புது அட்ரஸ்ல இருந்து எடுத்துக்கும், ஐடி வரில மட்டும் நீ சொல்ற பழைய அட்ரஸ எழுதும். மொத கமிட் இறங்குறதுக்கு முன்னாடியே போட்டுடணும், பாதி வழில போடக்கூடாது. இது ரெண்டும் பண்ணிட்டு முதல்ல இருந்து ஓட்டு, பழைய ஹாஷ் அப்படியே வரணும். வரலன்னா வேற எதையோ என்கிட்ட மறைக்கிறன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, முதல்ல இருந்து ஓட்டும்போது ஒவ்வொரு தடவையும் அவங்க சர்வர போட்டு அடிக்காத. உன்ன மாதிரி பத்து பேர் ஆயிரக்கணக்குல ரிவிஷன ஒண்ணொண்ணா இழுத்தா ஐபிய ப்ளாக் பண்ணிடுவாங்க, எனக்கு நடந்திருக்கு. எஸ்விஎன்-சிங்க் போட்டு ஒரு தடவை உன் மெஷின்ல அப்படியே ஒரு மிரர் எறக்கிக்கோ. காலி ரெப்போ ஒண்ணு, அதுல ப்ரீ-ரெவ்ப்ராப்-சேஞ்ச் ஹுக்குல சைபர் திருப்பி அனுப்புற ரெண்டு வரி ஸ்கிரிப்ட், அப்புறம் இனிட், சிங்க், அவ்ளோதான், அட்மின் உரிமை எதுவும் தேவையில்ல, படிக்க முடிஞ்சா போதும். அதுக்கப்புறம் கிட்-எஸ்விஎன்ன அந்த லோக்கல் மிரர்ல எத்தன தடவை வேணாலும் ஓட்டு. கவனம், மிரருக்கு யூயூஐடி வேறயா இருக்கும், அந்த ஐடி வரில யூயூஐடியும் வரும், அதனால எஸ்விஎன்-அட்மின் செட்யூயூஐடி போட்டு ஒரிஜினலோட நம்பரையே மிரருக்கும் குடு. அத மறந்துட்டு இங்க வந்து அழாத.


மூணாம்ஷிஃப்ட்:

பெருச்சாளி அண்ணன் சொன்னதுல ரெண்டு விஷயம் சேக்குறேன், ரெண்டும் நான் கன்னத்துல அறை வாங்கி கத்துக்கிட்டது.

எஸ்விஎன்-சிங்க் நடுவுல நெட் போயோ யாரோ கில் பண்ணியோ நின்னுச்சுன்னா அடுத்த தடவை "லாக் கெடைக்கல, இன்னார் வச்சிருக்காரு"ன்னு திரும்பத் திரும்ப சொல்லிட்டு கெளம்பிடும். அந்த இன்னார் யாருமில்ல, செத்துப்போன நம்ம பழைய ஓட்டம்தான். மிரரோட ரிவிஷன் சைபர்ல சிங்க்-லாக்னு ஒரு ரிவிஷன் ப்ராப்பர்ட்டி ஒட்டிக்கிட்டு இருக்கும், அத ப்ராப்டெல் பண்ணா போதும். நான் இது தெரியாம ஒரு பெரிய மிரர அழிச்சுட்டு மறுபடி மூணு நாள் எறக்குனேன். அதே மாதிரி நேத்து ஓடுனது முடியறதுக்குள்ள இன்னிக்கு க்ரான் ஆரம்பிச்சு ரெண்டும் முட்டிக்கிறதும் நடக்கும், ஸ்கிரிப்ட் தலையில எஃப்லாக் (ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓட விடுற பூட்டு) போட்டுடுங்க.

ரெண்டாவது, உங்க 7ல ஏதாவது ஒண்ணு அப்பாச்சி ஃபவுண்டேஷன் ப்ராஜெக்ட்டா? அவங்க பல ப்ராஜெக்ட்ட ஒரே எஸ்விஎன் ரெப்போல வச்சிருக்காங்க, ரிவிஷன் நம்பர் பத்து லட்சத்த எப்பவோ தாண்டிடுச்சு. உங்களுக்கு வேண்டியது அதுல ரெண்டாயிரம் கமிட்டா இருக்கும், ஆனா கிட்-எஸ்விஎன் நூறு நூறு ரிவிஷனா லாக் கேட்டுக்கிட்டே ஊர்ந்து போகும், சாப்டுட்டு வந்தாலும் காலி ரிவிஷன்லயே நிக்கும். லாக்-விண்டோ-சைஸ் ஆப்ஷன பத்தாயிரம் மாதிரி வச்சா சட்டுனு தாண்டும், ரொம்ப ஏத்துனா மெமரி தின்னும், டைம்அவுட்டும் ஆகும். அதுக்கும் முன்னாடி அவங்களே கிட் மிரர் வச்சிருக்காங்களான்னு பாருங்க, இருந்தா அதையே எடுங்க, நம்ம கைல மாத்துற வேலையே வேணாம்.

மெர்க்குரியலுக்கு ஃபாஸ்ட்-எக்ஸ்போர்ட் ஸ்கிரிப்ட்தான் நான் யூஸ் பண்றது. கிட்டோட ஃபாஸ்ட்-இம்போர்ட்டுக்கு நேரா ஊத்தும், எஸ்விஎன் மாதிரி ஊராது, சில ஆயிரம் கமிட்டுன்னா டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுரும். எதுவரைக்கும் மாத்துனோம்னு மார்க்ஸ், மேப்பிங்னு நாலு ஃபைல்ல கிட் ஃபோல்டருக்குள்ளயே எழுதி வச்சுக்கும், அடுத்த நாள் அதுக்கு மேல இருந்து ஆரம்பிக்கும். அந்த நாலு ஃபைலையும் பேக்கப் எடுக்கணும். சிக்கல் எங்கன்னா, மெர்க்குரியல்ல ஒரே ப்ராஞ்ச்ல ரெண்டு தலை (நுனி கமிட்) இருக்கலாம், அதுக்கு அது சாதாரணம், கிட்ல ஒரு ப்ராஞ்ச் பேருக்கு ஒரு தலைதான். அதனால பேரில்லாத தலை இருக்குன்னு சொல்லி நின்னுடும். அப்ஸ்ட்ரீம்ல (லைப்ரரிய எழுதுறவங்க பக்கம்) யாரோ மெர்ஜ் பண்ணாம பத்து வருஷமா விட்டு வச்ச கமிட்டா இருக்கும். நம்ம ரெப்போவா இருந்தா மூடிடலாம், அடுத்தவங்களது, தொடக்கூடாது. ஃபோர்ஸ் போட்டா போகும், இந்த இடத்துல ஃபோர்ஸ் பரவால்ல, ஆனா எந்தத் தலை மாஸ்டர்ல வந்து உக்காந்துச்சுன்னு கண்ணால ஒரு தடவை பாத்துக்கோங்க.

சிவிஎஸ்ஸ பத்தி சுருக்கமா. அதுல கமிட்டுங்குற சங்கதியே கிடையாது, ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனி வரலாறு. ஒரே ஆள், ஒரே மெசேஜ், கிட்டத்தட்ட ஒரே நேரம்னு பாத்து சிவிஎஸ்-டு-கிட் குத்துமதிப்பா ஒண்ணு சேக்கும். அதுக்கு ரெப்போவோட கமா-வி ஃபைல்களே (சிவிஎஸ் வரலாற வச்சிருக்குற ஃபைல்) நேரா வேணும், செக்அவுட் பத்தாது, சோர்ஸ்ஃபோர்ஜ்ல இருந்தா ஆர்சிங்க்ல எடுக்கலாம். நேத்து விட்ட இடத்துல இருந்து தொடர்ற வசதி அதுல இல்ல. செத்த ப்ராஜெக்ட்னா ஒரு தடவை மாத்தி ரீட்-ஒன்லி பண்ணிடுங்க, தினமும் ஓட்டாதீங்க.


நண்டுவறுவல்:

எல்லாம் சரி, ஒரு டவுட். எதுக்கு இவ்ளோ? அடுத்தவன் லைப்ரரி, அவன் வரலாறு நமக்கு எதுக்கு? வேண்டிய வெர்ஷன் டார்பால் (எல்லா ஃபைலும் ஒரே மூட்டையா கட்டுனது) எறக்கி, அன்ஜிப் பண்ணி, ஒரு ஃபோல்டர்ல போட்டு, "இது இன்ன லைப்ரரி இன்ன வெர்ஷன்"னு கமிட் மெசேஜ் எழுதுனா வேலை முடிஞ்சுது. பதினோரு லைப்ரரிக்கு ராத்திரி ராத்திரி க்ரான் ஓட்டி, அது ஒடஞ்சா ரிப்பேர் பண்ணி, இதுக்கு ஒரு ஆள் சம்பளம்.


பழையபெருச்சாளி:

நண்டு சொல்றது பாதி நியாயம். பதினொண்ணுல ஆறேழு லைப்ரரிக்கு டார்பாலே போதும்னு எனக்கும் தோணுது, சுக்கு தம்பி உக்காந்து யோசிக்கட்டும். ஆனா நீங்க கை வச்சு பேட்ச் போட்டு ஓட்டுற லைப்ரரி இருந்தா அதுக்கு வரலாறு வேணும், அப்ஸ்ட்ரீம் புது வெர்ஷன் விடும்போது உங்க பேட்ச்ச அதுக்கு மேல ரீபேஸ் பண்ணணும், எந்த கமிட்ல ஒடஞ்சுதுன்னு பைசெக்ட் பண்ணணும்.

அதோட, வெளியூர் கெணத்துல தண்ணி எடுக்குறவன் வீட்ல ஒரு குடம் ரொப்பி வச்சுக்கணும். கூகுள் கோட் 2015 மார்ச்ல மூடப்போறோம்னாங்க, ஆகஸ்ட்ல ரீட்-ஒன்லி, 2016 ஜனவரில கடை சாத்தியாச்சு. பிட்பக்கெட் ஆரம்பிச்சதே மெர்க்குரியல வச்சுத்தான், 2020ல அதையே தூக்கிட்டாங்க. ரெண்டுக்கும் முன்கூட்டியே சொன்னாங்க, இல்லன்னு சொல்லல, ஆனா சொன்னது ப்ராஜெக்ட் ஓனருக்கு, நமக்கு இல்ல. ஓனர் ரிட்டயர் ஆகி பேரன் கூட விளையாடிட்டு இருப்பாரு. அதனால மாத்துன கிட்ட மட்டும் இல்ல, மாத்தாத ஒரிஜினல் மிரரையும் வச்சுக்கோ, எஸ்விஎன்-சிங்க் எறக்குனது, மெர்க்குரியல் க்ளோன், கமா-வி ஃபைல் எல்லாம். நாளைக்கு மாத்துனது தப்புன்னு தெரிஞ்சா மறுபடி மாத்த மூலம் கைல இருக்கணும்ல.

தம்பி, கேக்க மறந்துட்டேன், அந்த ஏழு எக்ஸ்டர்னல்ஸ்ல ரிவிஷன் நம்பர் பின் பண்ணியிருக்கா? அத எப்படி கிட் ஹாஷா மாத்துன?


சுக்குக்காபி:

பின் பண்ணியிருக்கு. ஃபைண்ட்-ரெவ் (எஸ்விஎன் ரிவிஷனுக்கு கிட் ஹாஷ தேடித் தர்ற கமாண்ட்) போட்டு மாத்துனேன். ஏழுல நாலுக்கு ஹாஷ் வந்துச்சு, மூணுக்கு வெத்து வரி வந்துச்சு, அந்த மூணுக்கும் கடைசி கமிட்ட போட்டு விட்டுட்டேன்...


பழையபெருச்சாளி:

ஐயய்யோ. அந்த மூணும் தப்பு.

எஸ்விஎன்ல ரிவிஷன் நம்பர் ரெப்போ மொத்தத்துக்கும் ஒண்ணு. பின் 812ன்னு இருக்கும், ஆனா 812ல யாரோ வேற ஃபோல்டர்ல கை வச்சிருப்பான், உன் ட்ரங்க்ல (எஸ்விஎன்ல முக்கிய கோடு இருக்குற ஃபோல்டர்) கடைசியா மாறுனது 807ஆ இருக்கும். கிட்ல 812க்கு கமிட்டே கெடையாது, அதான் வெத்து வரி. ஃபைண்ட்-ரெவ்வோட பிஃபோர் ஆப்ஷன் சேத்துப் போடு, கூட எந்த ப்ராஞ்ச்னும் சொல்லு, அந்த நேரத்துல ட்ரங்க் எப்படி இருந்துச்சோ அந்த கமிட்ட, அதாவது 807ஓட ஹாஷ, குடுக்கும்.

எக்ஸ்டர்னல்ஸ் வரிய ஸ்கிரிப்ட்ல பிரிக்கும்போதும் பாத்து, எஸ்விஎன் 1.5க்கு முன்னாடி எழுதுனதுல ஃபோல்டர் பேர் முன்னாடி யூஆர்எல் பின்னாடி, அதுக்கப்புறம் வந்த புது முறைல தலைகீழ். பழைய ப்ராஜெக்ட்ல ரெண்டும் கலந்து கெடக்கும். லைப்ரரியோட ட்ரங்க்குக்குள்ள இருக்குற ஒரு சப்ஃபோல்டர மட்டும் இழுத்திருந்தா அத சப்மாட்யூலா வைக்க முடியாது, அது முழு ரெப்போவத்தான் கேக்கும், அந்த சப்ஃபோல்டர மட்டும் தனியா மாத்தி வச்சுக்கோ.

மாத்துனது சரியான்னு பாக்க ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு எஸ்விஎன் எக்ஸ்போர்ட், ஒரு கிட் ஆர்க்கைவ், ரெண்டையும் டிஃப் பண்ணு. எக்ஸ்போர்ட்ல இக்னோர்-கீவேர்ட்ஸ் போடலன்னா டாலர் ஐடி டாலர் வரியெல்லாம் விரிஞ்சு வந்து ஃபைலுக்கு ஃபைல் வித்தியாசம் காட்டும், பயப்படாத. காலி ஃபோல்டர் கிட்ல வராது, அதுக்கும் பயப்படாத, ஆனா பில்டு ஸ்கிரிப்ட் அந்த காலி ஃபோல்டர எதிர்பாத்துச்சுன்னா மட்டும் பயப்படு.


சுக்குக்காபி:

அப்டேட். அஞ்சு நாள் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க.

பழைய ஆத்தர்ஸ் ஃபைல் கிட் லாக்ல இருந்துச்சு, எடுத்தேன். எஸ்விஎன்-சிங்க் மிரர் எறக்கி, செட்யூயூஐடி போட்டு, ரீரைட்-ரூட்ல பூட்டு இல்லாத பழைய அட்ரஸ குடுத்து முதல்ல இருந்து ஓட்டுனேன். டெஸ்டிங் அக்கா லேப்டாப்ல இருந்து எடுத்த காப்பியோட கடைசி கமிட் ஹாஷ பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா பாத்தேன், நாப்பது எழுத்தும் ஒண்ணு!! சீட்ட விட்டு எந்திரிச்சு ஒரு சுத்து நடந்துட்டு வந்தேன். பில்டு பச்சை. அப்புறம் நம்பிக்கை வராம இன்னொரு மெஷின்ல ஓட்டுனேன், அதுலயும் அதே ஹாஷ்.

வெத்து வரி வந்த மூணும் சரி பண்ணியாச்சு. அதுல ஒண்ணு இத்தன நாளா வேற வெர்ஷன்ல பில்டு ஆகிட்டு இருந்திருக்கு, யாரும் கண்டுக்கல, நானும் வாயத் தெறக்கல. நண்டு சொன்னத கேட்டு நாலு லைப்ரரிய டார்பாலுக்கு மாத்திட்டேன், சிவிஎஸ்ஸும் அதுல சேத்தி. உள் சர்வர்ல ஃபோர்ஸ் புஷ்ஷ மூடியாச்சு, எனக்கும் சேத்து.

ஒண்ணே ஒண்ணு மிச்சம். ஒரு லைப்ரரில டேக் பேருக்குப் பின்னாடி அட், அதுக்கப்புறம் ஒரு ரிவிஷன் நம்பர்னு ரெண்டாவதா ஒரு ப்ராஞ்ச் வருது. இது என்னது?


மூணாம்ஷிஃப்ட்:

அந்த டேக்க கிட்-எஸ்விஎன் பாக்காத ஒரு ஃபோல்டர்ல இருந்தோ, ட்ரங்க்குக்குள்ள ஒரு சப்ஃபோல்டர்ல இருந்தோ காப்பி எடுத்திருப்பாங்க, பேரண்ட் கமிட் கெடைக்காம கிட்-எஸ்விஎன் அதுக்குன்னு தனியா ஒண்ணு உருவாக்கியிருக்கும். எஸ்விஎன்ல டேக்குங்கறது சும்மா ஒரு ஃபோல்டர் காப்பி, அதுல யாரு வேணா கமிட் கூட போடலாம். அட் போட்டது அந்த பேரண்ட், நம்பர் காப்பி எடுத்த ரிவிஷன், அட் இல்லாததுதான் டேக். கிட் டேக்கா மாத்துற உங்க லூப்ல அட் இருக்குற பேர விட்டுட்டு போகச் சொல்லுங்க, ஆனா ப்ராஞ்ச்ச அழிக்காதீங்க, உங்க பின் ஏதாவது அதுல நின்னாலும் நிக்கும்.


நண்டுவறுவல்:

ஸ்கிரிப்ட்ட இங்க போடேன் சுக்கு, எனக்கும் ஒரு இடத்துல ஆகும்.


சுக்குக்காபி:

டார்பால் போதும்னவங்களா கேக்குறது 😄 போடுறேன், உள்ள நம்ம சர்வர் பாஸ்வேர்ட் ரெண்டு எடத்துல இருக்கு, அத எடுத்துட்டு ராத்திரி போடுறேன்.